சின்னச் சபைக்குத் துணையாகக் குடிபெயர்வது: இளம் தம்பதியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாணமாகி இரண்டாம் வருடத்தில் நானும் என் கணவரும் ஊர் மாறினோம், முப்பது பேர்கூடத் தேறாத ஒரு சபையில் கூட நிற்பதற்காக. அவர் போதகர் அல்ல, நானும் போதகரம்மா அல்ல. இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அதற்குப் பிறகு இதே யோசனையோடு எங்களைத் தேடி வருகிற இளம் ஜோடிகள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பதில்களில் பாதி வேதத்திலிருந்து எடுத்தது, மீதி நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

இது தேவ அழைப்புத்தான் என்று எப்படி நிச்சயிப்பது? கனவோ வாக்குத்தத்த வசனமோ வர வேண்டுமா?

வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அழைப்பே இல்லை என்று ஆகிவிடாது.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியாவில் (அன்று அது இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த ஒரு ரோம மாகாணம்) வசனம் சொல்லப் பார்த்தார்கள், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள்; அங்கும் தடை. துரோவா துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் "மக்கெதோனியாவுக்கு வந்து உதவிசெய்யும்" என்று ஒரு மனுஷன் வேண்டிக்கொண்ட தரிசனம் வந்தது. தரிசனம் கண்டது பவுல் ஒருவர். ஆனால் கர்த்தர் அழைக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டது "நாங்கள்" என்று லூக்கா எழுதுகிறார். ஒருவர் கண்டதைக் கூட இருந்தவர்களும் எடைபோட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. தரிசனத்தில் கூப்பிட்டவன் ஒரு ஆண்பிள்ளை. பிலிப்பியில் போய் இறங்கியபோது கேட்க உட்கார்ந்திருந்தவர்களோ ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்கள். முதலில் இருதயம் திறந்தவள் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள். அழைப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், போய்ச் சேரும் இடம் மனதில் வரைந்து வைத்த படம்போல இருக்காது.

எங்களுக்குக் கனவு எதுவும் வரவில்லை. ஒரு போன்தான் வந்தது. தெரிந்த போதகர் ஒருவர் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, "போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஆராதனை நடத்த ஆளில்லை, கதவைத் திறக்கவே இல்லை" என்றார். அவர் எங்களை வரச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனாலும் அன்று இரவு இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

ஆகையால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இது: அந்தச் சபைக்கு நீங்கள் வருவது தெரியுமா? அவர்களுக்கு வேண்டுமா? கேட்காத வீட்டுக்கு உதவப் போகிறவரை வீட்டுக்காரர் விருந்தாளியாகத்தான் நடத்துவார்.

போக வேண்டும் என்ற பாரம் எனக்கு இருக்கிறது. என் துணைக்கு அவ்வளவு இல்லை. நான் ஜெபித்துவிட்டு முன்னே போகலாமா?

வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரி.

இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் கதையில் நமக்குச் சொல்லப்படாத ஒரு பாதி உண்டு. 1793இல் அவர் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்குப் புறப்பட முடிவுசெய்தபோது அவருடைய மனைவி டாரதி கர்ப்பிணி. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கேரி கப்பலேறினார். ஏறிய கப்பலில் பயணம் தடைபட்டு இறங்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் குழந்தை பிறந்திருந்தது. மறுபடி வந்து வற்புறுத்தியபோது, தன் சகோதரியும் கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி சம்மதித்தார். அவசர அவசரமாக மூட்டை கட்டி, பச்சைக் குழந்தையோடு கடல் ஏறினார். அடுத்த வருடமே, 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். அதன் பிறகு டாரதியின் மனநிலை தேறவேயில்லை. கணவர் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே வீட்டில், மனம் கலங்கிய நிலையிலேயே இருந்து 1807இல் காலமானார். கேரியின் ஊழியத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய தியாகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், டாரதியின் பெயர் வந்தது மட்டும் அபூர்வம்.

"சரி, உங்கள் இஷ்டம்" என்பது சம்மதம் அல்ல. அது களைப்பு. எங்கள் வீட்டில் தயங்கியது நான். என் கணவர் செய்த நல்ல காரியம், எனக்கு வசனம் காட்டி வாதாடாதது. "போனால் உனக்கு என்னவெல்லாம் போகும்? எழுதித் தா" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். என் வேலை, ஒரு சிநேகிதி, பாடகர் குழுவில் என் இடம், அம்மா வீட்டுக்கு நினைத்த நேரத்தில் போய்வருகிற சுகம். அவர் உட்கார்ந்து வாசித்தார். பதில் சொல்லவில்லை. எனக்கு அங்கே வேலை உறுதியாகும்வரை கிளம்பக்கூடாது என்பது நான் போட்ட நிபந்தனை. அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நாங்கள் போய் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போதும் நம்புகிறேன்.

கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. அவசரப்படுகிறோமா?

புதிதாய் விவாகம் பண்ணினவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போகவேண்டாம், அவன்மேல் வேறு வேலையும் சுமத்தவேண்டாம், வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று உபாகமம் 24:5 சொல்கிறது. அது இஸ்ரவேலின் சட்டம், உங்களைக் கட்டாது. ஆனால் சட்டத்தைக் கொடுத்தவருக்குப் புது வீட்டின் நிலைமை தெரிந்திருந்தது. சண்டை போட்டுச் சமாதானமாகிற விதம் உங்கள் இருவருக்கும் இன்னும் பழகியிருக்காது. ஊர் மாறுவதும் புதுச் சபையும் அதற்குமேல் சேர்ந்தால் எந்தச் சண்டை எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும். முடிந்தால் ஒரு வருடம் பொறுங்கள்.

நாங்கள் வேதக் கல்லூரியில் படிக்கவில்லை. பிரசங்கம் வராது. எங்களால் என்ன பிரயோஜனம்?

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். புதிய ஏற்பாட்டில் அவர்கள் பெயர் ஆறு இடத்தில் வருகிறது. ஆறிலும் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். ஒருவரை விட்டு ஒருவர் ஓரிடத்திலும் இல்லை. ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்தவர். ரோமப் பேரரசனான கிலவுதியு இராயன் யூதர்களை வெளியேறச் சொன்னதால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துவுக்கு வந்தார்கள். அங்கே பவுலுக்குத் தங்க இடமும் தொழிலும் கொடுத்தார்கள். பிறகு அவரோடு எபேசுவுக்குப் போனார்கள். ரோமர் நிருபம் எழுதப்படும்போது மறுபடி ரோமாபுரியில் இருக்கிறார்கள். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியிருக்கிறது.

அவர்கள் பிரசங்கம் பண்ணினதாக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆனால் நன்றாகப் பேசத் தெரிந்த அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குப் போதனையில் ஒரு குறை இருந்தபோது, அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்தார்கள். சபை நடுவில் எழுந்து நின்று திருத்தவில்லை. ஒரு போதகருக்கு இப்படியொரு வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எந்தப் போதகரையும் கேட்டுப் பாருங்கள்.

சின்னச் சபைக்குத் தேவை இன்னொரு பிரசங்கியார் அல்ல. மழையோ வெயிலோ ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிற இரண்டு பேர். இருபத்தைந்து பேர் கூடுகிற இடத்தில் நீங்கள் இருவரும் வராவிட்டால் அது கண்ணுக்குத் தெரியும். பெரிய சபையிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரியக் கொஞ்ச காலம் பிடிக்கிறது.

இப்போதிருக்கும் சபையின் போதகரிடம் எப்போது சொல்வது? நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

முடிவெடுக்கும் முன்பே சொல்லுங்கள். முடிவெடுத்துவிட்டுத் தகவல் சொல்லப் போனால் அது ஆலோசனை அல்ல, அறிவிப்பு. அவருக்கும் வலிக்கும். அந்தியோகியா சபையில் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக ஐந்து பேரின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் பர்னபா, சவுல் (பவுலின் இன்னொரு பெயர்) இருவரையும்தான் ஊழியத்துக்கு அனுப்பினார்கள். ஓரத்தில் சும்மா இருந்தவர்களை அல்ல. நல்லவர்களை அனுப்பும்போது அனுப்புகிற சபை இளைக்கும். அதை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.

போகும்போது ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சடங்கு என்று நினைக்க வேண்டாம். அப்பொல்லோ அகாயாவுக்குப் போக விரும்பியபோது, அங்குள்ள சீஷர்கள் அவனை ஏற்றுக்கொள்ளும்படி சகோதரர் எழுதிக் கொடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் 18:27 சொல்கிறது. கோபித்துக்கொண்டு சபை மாறுகிறவர்களும் ஊழியத்துக்காகத்தான் போவதாகச் சொல்வார்கள். உங்களை அந்தக் கணக்கில் சேர்க்காமலிருக்க அந்த ஒரு தாள் உதவும்.

உங்கள் மனதில் இப்போதிருக்கும் சபைமேல் ஏதாவது கசப்பு இருந்தால், முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கசப்போடு போகிறவர்களுக்குப் புதுச் சபை முதல் ஆறு மாதம் பரலோகமாகத் தெரியும். ஏழாம் மாதம் அதே கசப்புத் திரும்பும்.

போகும் சபையைப் பற்றி என்னென்ன விசாரிக்க வேண்டும்? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

நினைத்தால் அதுவே ஒரு பதில். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுதான்.

என்ன போதிக்கிறார்கள், ஞானஸ்நானம், திருவிருந்து, ஆவியின் வரங்கள் பற்றி என்ன நிலை என்பதை நேரடியாகவே கேளுங்கள். "அன்பு இருந்தால் போதும், அதெல்லாம் பிறகு" என்று விட்டுவிட்டால், உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானமா பிரதிஷ்டையா (ஞானஸ்நானம் இல்லாமல் ஜெபித்து ஒப்புக்கொடுப்பது) என்கிற நாளில் மாட்டிக்கொள்வீர்கள். காணிக்கையை எத்தனை பேர் எண்ணுகிறார்கள், கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது என்று கேளுங்கள். போதகர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்றும் கேளுங்கள். மூப்பர் இல்லை, மேலே பேராயமோ அமைப்போ இல்லை, வெளியில் ஆலோசனை கேட்க ஒருவர்கூட இல்லை என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

முக்கியமாக, ஏன் சபை சின்னதாக இருக்கிறது என்று கேளுங்கள். இப்போதுதான் தொடங்கியதாலா? ஊரே சின்னது என்பதாலா? இளைஞர்கள் வேலைக்காக வெளியே போய்விட்டார்களா? அல்லது வருகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்துக்காகத் திரும்பிப் போய்விடுகிறார்களா? கடைசிக் காரணம் என்றால் முன்பு போனவர்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள். யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். முதன்மையாயிருக்க விரும்பி, வருகிற சகோதரரை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்றுக்கொள்கிறவர்களையும் சபைக்குப் புறம்பாக்குகிறார். ஒரே அதிகாரம் உள்ள நிருபத்தில் அவருக்கே இரண்டு வசனம் ஒதுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒருவர் உள்ள இடத்துக்கு இரண்டு பேர் போய் நிலைமையை மாற்றிவிடலாம் என்று நினைப்பது துணிச்சல் அல்ல.

ஒருமுறை போய்ப் பார்த்தால் போதுமா?

போதாது. விசேஷ நாளில் போகாமல் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் போங்கள். முடிந்தால் வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கும் போய் உட்காருங்கள். ஞாயிறு இருபத்தைந்து பேர் வருகிற சபையில் புதன்கிழமை நான்கு பேர் இருப்பார்கள். அந்த நான்கு பேரைப் பார்த்த பிறகும் போக ஆசை இருந்தால் அது நல்ல அறிகுறி.

வேலையை விட்டுவிட்டு விசுவாசத்தில் போகலாமா?

போனவர்கள் உண்டு, அவர்களைக் கர்த்தர் போஷித்ததும் உண்டு. ஆனால் முழுநேர ஊழியத்துக்குப் போகாத ஒரு தம்பதியர் வேலையை விட்டுவிட்டுச் சின்னச் சபைக்குப் போனால், அவர்களைப் போஷிக்கும் பாரம் அந்தச் சபையின் தலையில்தான் விழும். உதவப் போன நீங்களே உதவி தேவைப்படுகிற குடும்பமாகிவிடுவீர்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் தைத்தார். தன் கைகளே தன் குறைவுக்கும் கூட இருந்தவர்களின் குறைவுக்கும் வேலை செய்தன என்று எபேசு மூப்பர்களிடம் கைகளைக் காட்டிச் சொன்னார்.

வேலை அந்த ஊருக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். 1732இல் ஹெர்ன்ஹூட் என்ற ஜெர்மானியக் கிராமத்திலிருந்து மொராவிய சபையார் இரண்டு பேரை, கரீபியன் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் அனுப்பினார்கள். லெனார்ட் டோபர் குயவர், டேவிட் நிட்ச்மன் தச்சர். கைத்தொழில் செய்து பிழைத்துக்கொண்டு சுவிசேஷம் சொல்வது திட்டம். போய்ப் பார்த்தால் தீவின் மண் பானை வனையத் தோதாக இல்லை. தச்சரின் சம்பாத்தியத்தில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். தம்பதியருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: இருவரில் ஒருவருடைய தொழிலாவது நிச்சயம் அங்கே ஓடும் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் நிம்மதி. கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் தசமபாகத்தை (சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு) முழுதும் அந்தச் சபைக்கே கொடுக்கலாமா? தேவையான பொருட்களை வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொஞ்சம் கணக்கோடு. உங்கள் இரண்டு சம்பளத்தின் தசமபாகம் சபை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக ஆகிவிட்டால், நீங்கள் ஊர் மாறுகிற அன்று சபைக் கட்டடத்துக்கு வாடகை கட்டப் பணம் இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் ஒன்றும் சொல்லாமலிருந்தாலும் கூட்டத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். போதகரிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். வழக்கமான செலவை உங்கள் காணிக்கையின்மேல் ஏற்றாமல், அதில் ஒரு பகுதியை ஒருமுறைச் செலவுகளுக்கும் சேமிப்புக்கும் என்று ஒதுக்கச் சொல்லலாம்.

பொருள் வாங்கிக் கொடுப்பதில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்கிறேன். சபையில் ஒரு பழைய கீபோர்டு இருந்தது. அதில் நடுவில் ஒரு கட்டை பேசாது. வாசிக்கிற தம்பி அந்த இடம் வந்ததும் பக்கத்துக் கட்டைக்குத் தாவிவிடுவான். பல வருடப் பழக்கத்தில் சபையும் அவனோடு சேர்ந்து தாவும். எங்களுக்கு அது காதில் முள்ளாகக் குத்தியது. போன மூன்றாம் மாதமே எங்கள் கைப்பணத்தில் புதியது ஒன்று வாங்கிக்கொண்டு போய் வைத்தோம். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும் அந்த வாரம் பாடவில்லை. பிறகுதான் தெரிந்தது, பழைய கீபோர்டு அவர் தன் கணவரின் நினைவாகக் கொடுத்தது. மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்ததை ஒவ்வொரு வாரமும் கடந்துதான் அவர் தன் இடத்துக்குப் போக வேண்டும். மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லம்மா, நீங்க சின்னப் பிள்ளைங்க" என்றார். அந்தப் பழைய கட்டையைச் சரிசெய்ய ஆள் கிடைத்திருப்பார். யாரிடமாவது கேட்டிருந்தால் போதும்.

எங்கள் பழைய சபையில் நன்றாக நடந்த காரியங்களை அங்கே அறிமுகப்படுத்தலாமா?

முதல் வருடம் "எங்கள் சபையில்" என்று தொடங்குகிற வாக்கியத்தையே வாயில் எடுக்காதீர்கள். இப்போது இதுதான் உங்கள் சபை.

முதல் சில மாதம் என்னதான் செய்வது?

நாற்காலி போடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னால் போய் நாற்காலி போட்டால், முன்னால் வருகிறவர்கள் யார் என்று தெரியும். முடிந்த பிறகு அடுக்க நின்றால், வீட்டுக்குப் போக மனமில்லாமல் கடைசிவரை நிற்கிறவர்கள் யார் என்று தெரியும். சபையின் உண்மையான கதை அந்த இரண்டு நேரத்தில்தான் காதில் விழும். பெயர்களை எழுதி வையுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்து. சின்னச் சபையில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். அது தெரியாமல் ஒருவரைப் பற்றி அவருடைய மைத்துனியிடமே பேசிவிட்டு நான் விழித்த கதை தனி.

ஒரு எச்சரிக்கை. ஆள் கிடைக்காமல் தவித்த சபை, இரண்டாம் வாரமே சாவியை உங்கள் கையில் கொடுக்கும். ஓய்வுநாள் பள்ளி, பாடல், கணக்கு, புரொஜெக்டர் எல்லாம் மூன்றாம் மாதத்துக்குள் உங்களிடம் வந்து சேரும். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதுவரை பாடலை எழுதிக் காட்டிக்கொண்டிருந்த பையன் பின்வரிசைக்குப் போய்விடுவான். ஆளுக்கு ஒரு பொறுப்புக்குமேல் எடுக்காதீர்கள். எடுத்த பொறுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை சபைக் காரியம் எதுவும் இல்லாமல் இருவரும் வீட்டில் இருங்கள். அன்று போன் வந்தால் எடுக்கலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை.

சபையாரில் சிலர் போதகரைப் பற்றி எங்களிடம் குறை சொல்கிறார்கள். என்ன செய்வது?

வரும், கட்டாயம் வரும். நீங்கள் புதியவர்கள், படித்தவர்கள், எந்தப் பக்கமும் சேராதவர்கள். அதனால் உங்களிடம் சொல்வார்கள். "இதை ஐயாவிடம் சொன்னீர்களா? நானும் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். உண்மையான குறை உள்ளவர் "வாங்க" என்பார். அப்போது கூடப் போங்கள். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ" என்ற வசனத்தை ஆள் குறைவாக வருகிற நாளில் ஆறுதலுக்குச் சொல்கிறோம். மத்தேயு 18இல் அது வருகிற இடம் இதுதான்: குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு போய்ப் பேசுவதைப் பற்றிய பகுதி.

பணத்தில் மோசம், பிள்ளைகளிடம் தவறான நடத்தை, கைநீட்டுதல் போன்றவை காதில் விழுந்தால் கதை வேறு. அங்கே "ஐயாவிடம் சொன்னீர்களா" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரைப் பாதுகாத்துவிட்டு, சபைக்கு மேலே உள்ளவர்களிடமும் சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்லுங்கள். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது உங்களைத் தடுத்தால் கேட்காதீர்கள்.

போதகர் குடும்பத்தோடு எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம்?

சிநேகிதர்களாக இருங்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அந்த ஊரில் அப்படி ஒருவரும் இருக்கமாட்டார்கள். போதகரம்மாவிடம் சபை விஷயம் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே பெரிய உபகாரம். அவர்கள் பிள்ளைகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொண்டு, இருவரையும் வெளியே அனுப்பி வையுங்கள்.

பெற்றோருக்கு இஷ்டமில்லை. கீழ்ப்படியாமல் போவது பாவமா?

பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கை விரித்தவர்களை இயேசு மாற்கு 7இல் கடிந்துகொண்டார். ஊழியத்தைக் காட்டித் தாய் தகப்பனைக் கைவிட வழி இல்லை. ஆனால் கல்யாணமான பிள்ளைகள் எங்கே வாழ்வது என்பது அவர்களே எடுக்க வேண்டிய முடிவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். அவர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள் என்றால் அது நிற்காது என்று முதலிலேயே சொல்லுங்கள். உடம்பு சரியில்லாவிட்டால் யார் வருவது, எத்தனை மணி நேரத்தில் வந்து சேரலாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எதிர்ப்புக்கு அடியில் இருந்தது பயம்தான். "ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவேன்?" என்று என் அம்மா கேட்டதற்கு வசனத்தால் பதில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரை வாங்கி அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தோம். அதன் பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

எங்கள் வயதில் அங்கே யாருமே இல்லை. தனிமை தாங்குமா?

முதல் வருடம் கஷ்டமாக இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம்வரை இருட்டாக இருந்தது. பழைய சிநேகிதர்களில் ஒரு ஜோடியோடு மாதம் ஒருமுறை போனில் பேசி ஜெபிப்பது என்று முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "பேசிக்கொள்வோம்" என்று விட்டால் நடக்காது. அறுபது வயதுக்காரர்களைச் சிநேகிதர்களாக ஏற்கவும் பழகுங்கள். கீபோர்டுப் பாட்டிதான் இன்றைக்கு எனக்கு அந்த ஊரில் நெருங்கிய சிநேகிதி.

பிள்ளை பிறந்தால்? ஓய்வுநாள் பள்ளியில் அவள் ஒருத்திதானே இருப்பாள்?

இருக்கலாம். சம வயதுப் பிள்ளைகள் கிடைக்காதது நிஜமான இழப்பு. அதைப் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் ஈடுகட்டப் பாருங்கள். பதிலுக்குக் கிடைப்பதும் உண்டு: இருபது பேருக்கும் அவள் பெயர் தெரியும், அவளுக்கு இருபது பேரையும் தெரியும்.

எத்தனை வருடம் இருப்போம் என்று முன்பே சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். "கர்த்தர் நடத்துகிறபடி" என்பது ஜெபத்தில் அழகு, ஆனால் அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு யார் வகுப்பெடுப்பார் என்று யோசிக்கிற போதகருக்கு உதவாது. பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் இருந்தார், எபேசுவில் மூன்று வருடம். எங்கள் அனுபவத்தில் முதல் வருடம் பழகவே போய்விடும். அதனால் மூன்று வருடத்துக்குக் குறைவாகத் திட்டமிட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை போதகரோடு உட்கார்ந்து, தொடர்வதா என்று பேசுங்கள்.

மூன்று வருடம் உழைத்தும் சபை வளரவில்லை என்றால்?

நாங்கள் போனபோது இருபத்தெட்டுப் பேர். மூன்றாம் வருட முடிவில் முப்பத்தொன்று, அதில் எங்கள் குழந்தையும் ஒன்று. ஐந்து பேர் வந்தார்கள், மூன்று பேரை அடக்கம் பண்ணினோம், இன்னும் சிலர் வேறு ஊர் போனார்கள், சிலர் வந்தார்கள். கணக்கு அப்படித்தான் ஏறி இறங்கும். ஆனால் போதகருக்குக் காய்ச்சல் வந்த இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. எங்கள் இருவரில் யாரும் அன்று ஊரில் இல்லை. கீபோர்டு வாசிக்கிற தம்பி ஆராதனை நடத்தினான்.

முடியாமல் பாதியில் திரும்பி வந்துவிட்டால்?

வந்துவிடுங்கள். உடம்போ மனமோ திருமணமோ உடைகிற அளவுக்கு வந்த பிறகு, வைராக்கியத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். போதகரிடம் சொல்லி, பொறுப்புகளைக் கைமாற்றி, விடைபெற்று வாருங்கள். இரவோடு இரவாகக் கிளம்பாதீர்கள். அது சின்னச் சபைக்குத் தாங்காது.

மாற்கு என்னும் யோவான், பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில், பெர்கே என்ற ஊரிலிருந்து திரும்பிப் போய்விட்டான். காரணம் எழுதப்படவில்லை. அடுத்த பயணத்தில் அவனைச் சேர்ப்பதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் வந்த சண்டையில் இருவருமே பிரிந்து போனார்கள். பர்னபா அவனை விடவில்லை, கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பலேறினார். பல வருடம் கழித்துப் பவுல் தன் கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். அது இரண்டு தீமோத்தேயு 4:11. அதே அதிகாரத்தில் எட்டு வசனம் தள்ளி, இன்னமும் ஏதோ ஒரு சபைக்குத் துணையாக இருந்துகொண்டிருக்கிற ஒரு தம்பதியருக்கு வாழ்த்துச் சொல்கிறார்: பிரிஸ்கில்லாள் என்ற பிரிஸ்காளுக்கும் ஆக்கில்லாவுக்கும்.